நான்கு மணி மாதிரி

"சுத்தமா இருக்கான்னு தெரிஞ்சுக்க, ஏன் அதுல விஷத்தை ஊத்துறீங்க?"

பள்ளிப் பிள்ளைகள் எங்கள் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு நாளில், முன்பல் இரண்டும் விழுந்திருந்த ஒரு சிறுமி என்னை இப்படிக் கேட்டாள். அவளுக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். டொலுவீன் என்ற கரைப்பான் புரோமினைச் சட்டை செய்யாது, ஆனால் டொலுவீனில் கலந்திருக்கும் அழுக்குக்குப் புரோமின் என்றால் உயிர், கிடைத்ததையெல்லாம் தின்றுவிடும். அதனால் இந்தக் கருவி மின்சாரத்தை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரோமினை உண்டாக்குகிறது. அழுக்கு தின்று தீர்த்தபின் புரோமின் மிஞ்சும். மிஞ்சியதும் கருவி நின்றுவிடும். எவ்வளவு மின்சாரம் செலவானது என்று பார்த்தால் எவ்வளவு அழுக்கு இருந்தது என்று தெரிந்துவிடும்.

"அழுக்கு மட்டும்தான் தின்னும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"எனக்குத் தெரியும்மா," என்று சொல்லி அடுத்த மேசைக்கு அழைத்துப் போனேன். வரிசையில் இன்னும் இருபது பிள்ளைகள் நின்றிருந்தார்கள்.

என் பெயர் கார்மெலின் டெபோனோ. மெல்பர்னின் மேற்கே, ஆல்ட்டோனாவில், டொலுவீன் சுத்திகரிக்கும் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். டொலுவீன் வெளியே போவதற்கு முன் கடைசியாகக் களிமண் நிரப்பிய ஓர் உயரமான கோபுரத்தின் வழியே இறங்கும். மிச்ச அழுக்கைக் களிமண் பிடித்துக்கொள்ளும். கோபுரத்திலிருந்து காலை ஒன்பதுக்கு ஒரு மாதிரி, மாலை நாலுக்கு ஒரு மாதிரி எங்களிடம் வரும். சனி, ஞாயிறில் காலை மாதிரி மட்டும். நாங்கள் சொல்லும் புரோமின் எண் இருபதுக்குள் இருக்க வேண்டும். வழக்கமாக எட்டு, ஒன்பது என்றுதான் இருக்கும்.

அந்த வருடம், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று மாலை மாதிரி முப்பத்திரண்டு காட்டியது.

மறுபடி செய்தேன். முப்பத்து மூன்று. ஊசியை மாற்றிச் செய்தேன். முப்பத்திரண்டு. கருவி நிற்கவே மனமில்லாததுபோல் நின்றது, உடனே மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. மறுநாள் காலை ஒன்பது மணி மாதிரி எட்டு. அன்று மாலை முப்பத்தைந்து. வெள்ளியும் அப்படியே.

காலை ஷிஃப்ட்டில் கோபுரத்தைப் பார்த்துக்கொள்வது வேறொருவர். மதிய ஷிஃப்ட் எப்போதும் இலியா த்ராயனோவ்தான். அவனுடைய அப்பாவுக்கு மறதி நோய். காலையில் அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்துவிட்டு, தங்கை வேலை முடிந்து வந்ததும்தான் இலியா கிளம்ப முடியும். அதற்காகவே ஆறு வருடமாக மதிய ஷிஃப்ட்டைக் கேட்டு வாங்கி வைத்திருந்தான்.

கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கவழிக் குழாய் போகிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் அதன் வால்வைக் கொஞ்சம் திறந்துவிட்டால் வேலை சுலபம், ஆனால் டொலுவீன் களிமண்ணைத் தொடாமலே போய்விடும். அப்படித் திறப்பது பெரிய குற்றம். காலையில் எட்டு, மாலையில் முப்பத்தைந்து என்றால் ஆலையில் யாருக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை. வால்வின் உள்ளே கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஆலையை நிறுத்த வேண்டும். நிறுத்த யாருக்கும் விருப்பமில்லை.

ஒரு வாரத்துக்குள் அவனுக்குப் 'பக்கவழி' என்று ஒரு பட்டப்பெயர் விழுந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் அவன் வரிசையில் நின்றால், "வழி விடுங்கப்பா, அவருக்கு நேர் வழி பிடிக்காது, பக்கவழிதான்," என்று யாராவது சொல்வார்கள். இலியா முதல் நாள் சிரித்தான். பிறகு சாப்பாட்டு அறைக்கே வருவதில்லை.

மாதிரிப் புட்டியை அவனே கொண்டுவரத் தொடங்கினான். முன்பெல்லாம் வாசல் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவான். இப்போது தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று, என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் ஊசியை எடைபோட்டு, கலத்தில் செலுத்தி, மறுபடி எடைபோடுவேன். காடி வாடை அடிக்கும். காந்தத் துண்டு சுழலும். எண்கள் ஏறும்.

"எவ்வளவு?"

"இன்னும் நிக்கல இலியா."

"நேத்தும் இப்படித்தான் சொன்னே. உன் மெஷினுக்கு என்மேல ஏதாவது கோபமா?"

"மெஷினுக்கு யார் மேலயும் கோபம் கிடையாது."

"அப்போ உனக்கா?"

"எனக்கெதுக்கு உன்மேல கோபம்? உன் தோட்டத்து அத்திப்பழத்தைத் தின்னு வளர்ந்த உடம்பு இது."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "முப்பத்தி நாலு," என்றேன். அவன் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். ஜன்னல் வழியே பார்த்தேன். கோபுரத்தடியில் போய், அந்தப் பக்கவழி வால்வின் சக்கரத்தைப் பிடித்து, ஏற்கெனவே இறுக மூடியிருந்ததை இன்னும் இறுக்கினான்.

அன்றிரவு ஜெபமாலையில் மனம் நிற்கவில்லை. எண்ணிக்கையைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். என் எண் பொய்யில்லை. மூன்று முறை பார்த்தாயிற்று. காலையில் அளவு தெரிந்த கரைசலை வைத்துக் கருவியைச் சோதித்தாயிற்று, சரியாக இருந்தது. இலியாவும் பொய் சொல்கிறவனில்லை. இரண்டும் உண்மையாக இருக்க முடியாதே என்று படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தேன்.

இடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மாதிரி ஒன்பது காட்டியது. நான் சந்தோஷத்தில் ஓடிப்போய் எங்கள் ஆய்வகத் தலைவி ப்ரான்வின் பாஸ்கோவிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னைக்கு ஆலை மேலாளர் நாள் முழுக்கக் கோபுரத்துப் பக்கம்தான் நின்னுட்டிருந்தார், கார்மெலின்."

"அதனால?"

"அதனால என்னன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. நான் பேசல."

புதன்கிழமை மறுபடி முப்பத்தாறு. நல்ல எண் ஒன்று அவனுக்குக் கெட்ட எண்களைவிட அதிகக் கெடுதல் செய்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளி காலை ஒன்பதரைக்கு விசாரணை என்று கடிதம் போனது. குற்றம் உறுதியானால் வேலையை விட்டு நீக்குவார்கள். இரக்கப்பட்டால் காலை ஷிஃப்ட்டில் தொட்டி கழுவ அனுப்புவார்கள். இலியாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வியாழக்கிழமை வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. நாலு மணிப் புட்டியை வைத்துவிட்டு அவன் அன்று நிற்கவில்லை. "நின்னு என்ன ஆகப்போகுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

என்னோடு சேலோட்டே ஃபிஃபிட்டா இருந்தாள். எட்டு மாதம் மார்புப் புற்றுக்கு மருத்துவம் பார்த்துவிட்டு அந்த மாதம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். டோங்கா தீவுக்காரி. வாட்டசாட்டமான உடம்பு. நோய் அதில் பாதியைக்கூடக் குறைக்கவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கருவி வழக்கம்போல் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. இருபத்தாறு, இருபத்தேழு. அவள் பின்னால் அலமாரியில் ஏதோ எடுக்க வந்து, ஜன்னலுக்கும் என் மேசைக்கும் நடுவில் நின்றாள்.

கருவி நின்றுவிட்டது. அப்படியே நின்றது.

"என்னடி கார்மி, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறே?"

"நகராதே சேலோட்டே."

"ஏன், பூச்சியா?"

"நகராதேன்னா நகராதே. அப்படியே நில்லு."

ஒரு நிமிடம் நின்றாள். எண் அசையவில்லை. "இப்போ நகரு," என்றேன். அவள் நகர்ந்தாள். வெயில் கலத்தின் மேல் விழுந்தது. கருவி மறுபடி ஓடத் தொடங்கியது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டில் புரோமின் அழுக்கை மட்டும்தான் தொடும். வெளிச்சம் பட்டால் அதன் குணம் மாறிவிடும், டொலுவீனையே கடிக்கும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தது. பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியது. நான் இத்தனை நாளும் அழுக்கை அளக்கவில்லை. வெயிலை அளந்துகொண்டிருந்தேன். காலையில் அந்த ஜன்னலில் வெயில் கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க மேகம்.

அந்த மேற்கு ஜன்னல் கண்ணாடியில் பல வருடமாக அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது, எதற்கு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஓரமெல்லாம் கிழிந்து, பழுப்பேறி, பார்க்கவே அசிங்கமாக இருக்கும். சேலோட்டே வேலைக்குத் திரும்பிய அன்று, "ஆஸ்பத்திரியில எட்டு மாசம் சுவரையே பார்த்தேன். இங்கேயும் சுவர்தானா?" என்றாள். அடுத்த நாள் மாலை மாதிரியை முடித்துவிட்டு நான்தான் நாற்காலி மேல் ஏறி அந்தத் தாளை உரித்துப் போட்டேன். திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாள் அது. வானம் தெரிந்ததும் அவள் கண் கலங்கியது. நல்ல காரியம் செய்தோம் என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மதியம் சாப்பிட்ட பாஸ்டிட்ஸி என்ற மால்டா பலகாரத்தைச் சுற்றி வந்த அலுமினியத் தாள் பையில் கிடந்தது. அதை நீவி, கலத்தைச் சுற்றிக் கட்டினேன். அதே புட்டியிலிருந்து மறுபடி எடுத்துச் செலுத்தினேன். எட்டு. தாளை அவிழ்த்தேன். முப்பத்தைந்து. மறுபடி கட்டினேன். எட்டு.

சேலோட்டேவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "எனக்காகத்தானே உரிச்சே," என்றாள் மெதுவாக.

"உனக்காக உரிச்சேன். யோசிக்காம உரிச்சது நான்தான். நீ இதுல இல்ல."

ப்ரான்வினைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்தேன். கதவைத் திறந்து வைத்தபடியே முழுவதையும் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்துகொண்டார்.

"மே மாசம் அங்கீகாரத் தணிக்கை வருது. யாரையும் கேக்காம சோதனை அறையோட அமைப்பை மாத்தியிருக்கே. உன் பேர்ல கையெழுத்து போடற உரிமையையே எடுத்துடுவாங்க, தெரியுமா?"

"தெரியும்."

"கருவிக் கோளாறுன்னு எழுதிடுவோம். பொய் இல்ல அது, ஒரு வகையில. இலியாவும் தப்பிச்சுப்பான், நீயும் தப்பிச்சுப்பே. தாளைப் பத்தி யாருக்கும் எதுக்குச் சொல்லணும்?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கும் அந்த அன்பைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும் வழியெல்லாம் தொங்கினேன். விளக்கு பச்சையானதும் நகர மறந்தேன், பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். இட்டலிக்கு அரிசி ஊறப்போட்டதை மறந்தவள்போல் என்று என் தமிழ்ப் பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள்; அப்படி எதையோ மறந்துவிட்ட உணர்வு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டே இருந்தது. அது என்னவென்று போகப்போக விளங்கியது. கருவிக் கோளாறு என்றால், அது ஏன் இலியாவின் ஷிஃப்ட்டில் மட்டும் கோளாறானது என்று கேட்பார்கள். ஆய்வகத்துக்காரர்கள் பாவப்பட்டு அவனைக் காப்பாற்றுகிறார்கள் என்பார்கள். பக்கவழி என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

விடியற்காலை ஆறு மணிக்கே கோயிலுக்குப் போய், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. வாய் குழறாமல் பேச வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

விசாரணை அறையில் ஆலை மேலாளர், ப்ரான்வின், தொழிற்சங்கத்தின் சார்பில் ஒருவர், இலியா. அவன் தங்கையை அரை நாள் விடுப்பு எடுக்கவைத்து, கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தான். அவனைக் கழுத்துப்பட்டியோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் தாளை உரித்ததிலிருந்து பாஸ்டிட்ஸித் தாள்வரை சொன்னேன். எட்டு, முப்பத்தைந்து, எட்டு என்று அச்செடுத்த காகிதங்களை மேசையில் வைத்தேன். வாய் குழறியது. இருந்தாலும் சொல்லி முடித்தேன்.

மேலாளர் காகிதங்களை இரண்டு முறை புரட்டினார். "அப்போ கோபுரத்துல ஒண்ணும் தப்பில்ல?"

"இல்ல. தப்பு என் மேசையில."

ப்ரான்வின் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தலையைக் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. ஆறு மாதத்துக்கு என் எண்களின் கீழே இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நியாயம்தான். ஜன்னலில் அன்றே கறுப்புத் திரை போட்டார்கள். சேலோட்டே தன் மேசையைக் கிழக்கு ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டாள்.

இலியா தாழ்வாரத்தில் நின்றிருந்தான். கழுத்துப்பட்டியை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு துண்டுத் தாள்," என்றான்.

"மன்னிச்சுக்கோ இலியா."

"ரெண்டரை வாரம், கார்மெலின். அந்த வால்வை நான் தூக்கத்துல மூடியிருக்கேன். ஒருநாள் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, அப்பாவை மாதிரி எனக்கும் மறதி வந்துடுச்சோ, நான்தான் திறந்துட்டு மறந்துட்டேனோன்னு."

வெளியே தொங்கிய கழுத்துப்பட்டி நுனியை அவன் பைக்குள் தள்ளினான்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னே. அது பெரிசுதான்." பையை மூடினான். "ஆனா அந்த ஃபைல்ல அவங்க என்ன எழுதினாங்கன்னு பார்த்தியா? பதினோரு நாளுக்கும் ஒரே வார்த்தை. 'செல்லாது'. நான் ஒழுங்கா வேலை செஞ்சேன்னு எங்கேயும் இல்ல. செல்லாதுன்னுதான் இருக்கு. சரி விடு. அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கணும்." போய்விட்டான்.

வீட்டில் இரண்டு தடவை தேநீர் போட்டு இரண்டையும் ஆறவிட்டேன். அவன் சொன்னது சரி. செல்லாது என்றால் தெரியாது என்று அர்த்தம். அந்தப் பதினோரு நாளும் கோபுரத்திலிருந்து சுத்தமான டொலுவீன்தான் இறங்கியது என்பதைச் சொல்ல ஒரு காகிதமும் இல்லை. நாளைக்கு வேறு எவராவது அந்தக் கோப்பைத் திறந்தால், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் புட்டிகள் இருந்தன. ஒவ்வொரு மாதிரியிலும் பாதியைப் பழுப்பு நிறப் புட்டியில் அடைத்து, இரண்டு மாதம் இருட்டு அலமாரியில் வைத்திருப்பது எங்கள் வழக்கம்.

சனிக்கிழமை காலை முறை என்னுடையது. ஒன்பது மணி மாதிரியை முடித்தேன். வழக்கமாகப் பத்தரைக்குக் கிளம்பிவிடுவேன். அன்று கிளம்பவில்லை. அலமாரியிலிருந்து பதினோரு புட்டிகளையும் எடுத்துத் தேதி வரிசையில் நிறுத்தினேன். புதுக் கரைசல் கலக்கினேன். கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, கலத்தையும் துணியால் மூடினேன்.

திருநீற்றுப் புதன்: எட்டு. மறுபடி: எட்டு. வியாழன்: ஒன்பது. வெள்ளி: எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஊசியைக் கழுவி, எடைபோட்டு, செலுத்தி, மறுபடி எடைபோட்டு, இரண்டு தடவை. இடுப்பு வலித்தது.

ஏழாவது புட்டி பதினான்கு காட்டியது. திரையைப் பார்த்தேன், துணியைப் பார்த்தேன், எல்லாம் மூடியிருந்தது. மறுபடி செய்தேன். பதினான்கு. ஒருவேளை அன்று ஒரு நாள் மட்டும் திறந்திருப்பானோ என்று நினைக்கத் தொடங்கிய மனதை நானே வெறுத்தேன். அன்றைய காலை மாதிரியின் புட்டியைத் தேடி எடுத்து அதையும் செய்தேன். பதின்மூன்று. அன்று காலையிலேயே அப்படித்தான் வந்திருக்கிறது, இருபதுக்குள்தான் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பதினான்கு என்றே எழுதினேன். எட்டு என்று எழுத ஆசையாக இருந்தது. அப்படி எழுதினால் மற்ற பத்தும் வீணாகிவிடும்.

கடைசிப் புட்டி முடிய மூன்றரை ஆகிவிட்டது. எட்டு.

எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினேன். தேதி, நேரம், மறுசோதனை எண், வரம்புக்குள். கோபுரப் பொறுப்பு என்ற கட்டத்தில் பதினோரு வரியிலும் இலியா த்ராயனோவ் என்று முழுதாக எழுதினேன். சோதித்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் கையெழுத்துக்கான கட்டத்தைத் திங்கட்கிழமை ப்ரான்வின் போடட்டும் என்று காலியாக விட்டேன். கூடுதல் நேரப் படிவத்தை நிரப்பவில்லை.

கோப்பில் 'செல்லாது' என்றிருந்த தாளுக்கு மேலே, திறந்ததும் முதலில் தெரியும்படி அதைக் கோர்த்தேன். கலத்தைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்துவிட்டு, விளக்கை அணைத்தேன்.